ரசம் சிந்தாத சாய்வு

1

போன வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் அலுவலகத்தில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. இதையெல்லாம் ஒரு செய்தி என்று ஊருக்கு எழுதுகிறாளே என்று நினைக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

நான் வேலை பார்ப்பது நெதர்லாந்தில், உட்ரெக்ட் நகரத்தில், ஒரு நூலகத்தின் மூன்றாம் மாடியில். மூன்று வயதில் போலியோ வந்ததிலிருந்து என் கால்களுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சக்கர நாற்காலிதான். பதினோரு வருஷமாக அந்த லிஃப்ட்டில் ஏறி இறங்குகிறேன், ஒரு நாள்கூட அது மக்கர் பண்ணியதில்லை. அன்றைக்குப் பண்ணியது. கீழே வரவேற்பு மேஜை பக்கத்தில் காபியோடு உட்கார்ந்திருந்தேன். மேலாளர் படிகளில் தடதடவென்று இறங்கி வந்தார். ஏதோ வீட்டில் துக்கம் போல முகம். "வசந்தி, இது நடந்திருக்கவே கூடாது" என்றார். பிறகு லிஃப்ட் பழுதுபார்க்கிறவர் வந்து மன்னிப்புக் கேட்டார். மதியம் கட்டடப் பராமரிப்புப் பிரிவிலிருந்து ஒரு கடிதம். உங்களுக்கு நேர்ந்த இடையூறுக்கு ஆழ்ந்த வருத்தம், இன்று நீங்கள் வீட்டிலிருந்து வேலை செய்யலாம், மனச்சோர்வு ஏற்பட்டிருந்தால் பேசுவதற்கு ஒருவர் இருக்கிறார் என்று எழுதியிருந்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், அது மூக்கு வழியாக வந்தது. காபி மேஜையில் கொட்டியது. கண்ணில் தண்ணீர். மேலாளர் பயந்துபோய் டிஷ்யூ பெட்டியை நீட்டி, "அழுதுவிடுங்கள், பரவாயில்லை" என்றார். அதைக் கேட்டதும் இன்னும் அதிகமாகச் சிரித்தேன். அவருக்குக் குரோம்பேட்டைக் கதையை டச்சு மொழியில் எப்படிச் சொல்வது? என் டச்சு, நூலக அட்டை புதுப்பிக்கவும் பக்கத்து வீட்டுப் பூனையைப் பற்றிப் புகார் சொல்லவும் போதும். அப்பாவைப் பற்றிச் சொல்லப் போதாது.

2

உங்களுக்குச் சொல்கிறேன்.

எனக்கு முதல் வேலை குரோம்பேட்டையில், ஒரு டேட்டா என்ட்ரி ஆபீசில். கீழே ஸ்வீட் கடை, மேலே நாங்கள். நடுவில் இருபத்திரண்டு படிகள். அப்பா லைன்மேன். கம்பம் ஏறுகிற மனுஷனுக்குப் படி ஒரு பொருட்டா என்பார். காலையில் அனகாபுத்தூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் என்னைக் கொண்டுவந்து, அங்கே உப்பு மூட்டையாக முதுகில் ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டே ஏறுவார். பதினாறு வந்ததும் மூச்சு வாங்கும். பதினேழை இரண்டு தடவை சொல்வார், நான் கவனிக்கவில்லை என்று அவருக்கு நினைப்பு. மேலே ஒரு மர நாற்காலியில் இறக்கிவிட்டு, சட்டையைச் சரிசெய்துகொண்டு டியூட்டிக்குப் போய்விடுவார். சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடி வருவார்.

நடுவில் ஒன்பது மணி நேரம். பாத்ரூம் கீழே, ஸ்வீட் கடைக்குப் பின்னால். அதனால் நான் தண்ணீர் குடிக்க மாட்டேன். காலைக் காபியை நிறுத்தினேன். மோர்சாதத்தை நிறுத்தினேன். வெயில் காலத்தில் உதடு வெடித்துப் போய் உட்கார்ந்திருப்பேன். பக்கத்து சீட்டுப் பெண் வாசலின் டப்பாவை நீட்டுவாள். இரண்டு வருஷம் இப்படி.

அந்த இரண்டு வருஷத்தில் யாரும் என்னிடம் ஸாரி சொன்னதில்லை. நான்தான் சொல்வேன். படியில் எங்களுக்குப் பின்னால் காத்திருக்கிறவர்களுக்கு ஸாரி, ஆட்டோக்காரருக்கு ஸாரி, முதலாளிக்கு ஸாரி, அப்பாவின் இடுப்புக்கு ஸாரி. ஒரு நாளைக்கு இருபது முப்பது தேறும். படி தப்பான இடத்தில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. நான்தான் தப்பான இடத்தில் இருக்கிறேன் என்று நினைத்தேன். அந்த ஸாரியெல்லாம் இருபது வருஷம் கழித்து உட்ரெக்டில் ஒரு கடிதமாக எனக்கே திரும்பி வந்தால் சிரிக்காமல் என்ன செய்வது?

பிறகு வேறு கம்பெனி, தரைத்தள ஆபீஸ், அங்கிருந்து ஒரு ப்ராஜெக்டுக்கு இந்த ஊர், இங்கே பீட்டர், பிறகு எங்கள் மகள் நிலா என்று காலம் ஓடியது. அப்பா நான் தனியாக ட்ராமில் ஏறி வேலைக்குப் போகிற வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். அந்த ஒரு வீடியோவைத் தெருவில் பாக்கியில்லாமல் எல்லாரிடமும் காட்டினாராம்.

3

லிஃப்ட் நின்ற அதே நாள் சாயங்காலம் காவ்யா போன் செய்தாள். என் தங்கை சித்ராவின் மகள். தாம்பரத்தில் மண்டபம் பிடித்தாகிவிட்டது, ஆவணியில் கல்யாணம், முந்தின நாள் சாயங்காலம் ரிசப்ஷன்.

"பெரிம்மா, நீங்க மேடைக்கு வரணும். கீழ உக்காந்து கை ஆட்டக் கூடாது."

"பாக்கலாம்டி."

"பாக்கலாம் எல்லாம் கெடையாது. அம்மா ஆல்பம் மாதிரி என் ஆல்பம் இருக்கக் கூடாது."

இந்த ஆல்பம் விவகாரத்தைச் சொல்லியாக வேண்டும். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் சித்ராவின் ரிசப்ஷன். நம்மூர் ரிசப்ஷன் உங்களுக்குத் தெரியும். வந்தவர் எல்லாரும் வரிசையில் நின்று, மேடையேறி, மொய்க் கவரைக் கொடுத்து, போட்டோவுக்கு நின்றுவிட்டுத்தான் சாப்பிடப் போவார்கள். மேடையேறாதவர் கல்யாணத்துக்கு வந்ததாகவே கணக்கில்லை. நான் பெண்ணுக்கு அக்கா. கீழே உட்கார்ந்திருந்தேன். சொந்தக்காரர்கள் நாலு பேர் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். "இன்னாத்துக்கு யோசனை, தூக்கிடலாம்." நல்ல மனசுக்காரர்கள்தான். ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள், ஆளுக்கொரு திசையில் இழுத்தார்கள். மூன்றாவது படியில் நாற்காலி சாய்ந்து நான் வழுக்கிக் கீழே வந்தேன். புடவை முழங்காலுக்கு மேலே. முந்நூறு பேர். நாதஸ்வரக்காரர்கூட நிறுத்திவிட்டார்.

அப்பா என்னை அள்ளிக்கொண்டு போய்ச் சமையலறையில் விட்டார். ரிசப்ஷன் முடிகிறவரை அங்கேயே இருந்தேன். என் வயதே இருக்கும் ஒரு உதவிச் சமையல்காரர், ஒன்றும் கேட்காமல், சுடச்சுட இரண்டு ஜாங்கிரியைத் தட்டில் வைத்து என் மடியில் வைத்தார். அவர் பெயர் ஏகாம்பரம். இப்போது ஏகாம்பரம் மாஸ்டர். எங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு எல்லாம் அவர்தான் சமையல்.

சித்ராவின் ஆல்பத்தில் நான் இல்லை. ஒரே ஒரு படத்தில், இடது மூலையில், என் சக்கரம் மட்டும் கால்வாசி தெரியும். அதற்குப் பிறகு அப்பாவைத் தவிர என்னைத் தூக்க யாரையும் நான் விட்டதில்லை. தூக்க வந்தால் பிரேக்கைப் போட்டுவிடுவேன். அதனால் ஒரு மேடையும் ஏறியதில்லை.

காவ்யாவிடம் சொன்னேன். "நானா உருட்டிக்கிட்டு ஏற வழி இருந்தா வர்றேன். இல்லன்னா கீழதான்."

"அவ்ளோதானே? ரேம்ப் போடச் சொல்றேன்" என்றாள்.

4

நிலாவுக்குப் பதினான்கு வயது. உட்ரெக்டில் ட்ராமில் நான் தமிழில் பேசினால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். நான் யாரோ, அவள் யாரோ. கையால் சாப்பிடுவதை "ஞாயிற்றுக்கிழமை மட்டும்" என்று வைத்திருக்கிறாள். என் குழந்தை என்னிடமிருந்து மெல்ல மெல்ல நழுவிக்கொண்டிருக்கிறது என்பது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. பீட்டருக்கு லீவு கிடைக்கவில்லை, அதனால் நாங்கள் இருவர் மட்டும் சென்னையில் வந்து இறங்கினோம்.

சித்ரா கோவிலம்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடியில் இருக்கிறாள். "லிஃப்ட் இருக்குக்கா, கவலையே படாதே" என்று சொல்லியிருந்தாள். லிஃப்ட் இருந்தது. அதற்குப் போக நாலு படியும் இருந்தது. நிலா அந்தப் படிகளையும் லிஃப்ட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மா, இது யாருடைய தவறு?"

அவளுடைய தமிழ் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் கற்றது. அச்சடித்த மாதிரி இருக்கும்.

"யாரோட தப்பும் இல்லடா. அப்படித்தான் கட்டுவாங்க."

"யாரோ கட்டினார்கள் அல்லவா? அப்படியென்றால் அவருடைய தவறு."

நாற்பத்தேழு வருஷத்தில் இவ்வளவு எளிதாக இந்தக் கேள்வி எனக்கு வந்ததில்லை. இந்தப் பெண் படியைப் பார்த்ததும் விதியை நினைக்கவில்லை, கொத்தனாரை நினைக்கிறாள். அவள் என்னைவிட்டுத் தூரமாகப் போய்விட்டாள் என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேனே, நல்ல தூரம்தான் போயிருக்கிறாள் என்று அன்றைக்குத் தோன்றியது. அந்த நாலு படிக்கு வாட்ச்மேன் ஒரு பலகையைத் தேடிக் கொண்டுவந்து போட்டார். நிலா பின்னால் பிடித்துக்கொள்ள நான் ஏறினேன்.

5

ரிசப்ஷன் அன்று மதியம் மூன்றரை மணிக்கே மண்டபத்துக்குப் போய்விட்டோம். முன்வாசலில் எட்டுப் படி. நான் எப்போதும் போலப் பின்வாசல் பக்கம் போனேன். நம்மூர் மண்டபங்களில் சக்கரம் போகிற ஒரே வழி சமையலறை வழிதான். அண்டாக்களும் கேஸ் சிலிண்டர்களும் தள்ளுவண்டியில் போக வேண்டும் என்பதால் அங்கே மட்டும் ஒழுங்கான சாய்தளம் இருக்கும். எந்தக் கல்யாணத்திலும் பன்னீரும் சந்தனமும் என்னை வரவேற்றதில்லை. வெங்காயமும் கடுகு தாளிக்கிற புகையும்தான் வரவேற்கும். ஒரு லாபம், என்ன ஸ்வீட் என்பது மாப்பிள்ளைக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும்.

"இன்னா மேடம், ஃபாரின்லேந்து வந்தும் கிச்சன் வழிதானா?" என்றார் ஏகாம்பரம் மாஸ்டர். தலை நரைத்துவிட்டது, தொப்பை போட்டுவிட்டது. "அசோகா அல்வா கீது. டேஸ்ட் பாத்துட்டுப் போ."

ஹாலுக்குள் நுழைந்ததும் மண்டப மேனேஜர் ஓடிவந்தார். முகமெல்லாம் பெருமை.

"வாங்க மேடம். உங்களுக்காகவே போன வாரம் ஆள் வச்சு ரேம்ப் போட்டோம். சிமெண்ட். பர்மனன்ட்டு."

பார்த்தேன். மேடைக்கு ஐந்து படிகள், இரண்டரை அடி உயரம். அந்தப் படிகளுக்கு நடுவே, மேலிருந்து கீழ்வரை, ஒரு அடி அகலத்தில் ஒரு சிமெண்ட் பட்டை. மஞ்சளும் கறுப்புமாகப் பெயிண்ட் வேறு. 

இந்தப் பக்கத்தில் வாழ்ந்தவர்களுக்கு அது என்னவென்று உடனே தெரியும். தாம்பரம், பல்லாவரம், மேடவாக்கம் பக்கமெல்லாம் ரோடு போடும்போது பழைய ரோட்டின் மேலேயே புது ரோட்டைப் போடுவார்கள். ரோடு ஒரு சாண் உயரும், வீட்டுக்காரர்கள் வாசலை இரண்டு சாண் உயர்த்துவார்கள். அப்புறம் ஸ்கூட்டரை உள்ளே ஏற்ற வேண்டுமே? படிகளுக்கு நடுவில் ஒரு அடிப் பட்டை. ஸ்கூட்டர் அதில் ஏறும், ஆள் பக்கத்துப் படியில் நடந்தபடி தள்ளுவார். இங்கே எந்தக் கொத்தனாரிடம் ரேம்ப் என்றாலும் அவர் கை தானாக இதைத்தான் போடும்.

"என் அம்மாவின் வண்டிக்கு இரண்டு பக்கமும் சக்கரம் இருக்கிறது, ஐயா" என்றாள் நிலா.

மேனேஜர் என் நாற்காலியைக் குனிந்து பார்த்தார். அப்போதுதான் முதல் தடவையாகச் சக்கரங்களை எண்ணினார் என்று நினைக்கிறேன். உடனே கொத்தனாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"இன்னாபா போட்டு வச்சிகிற?"

"வீல் ஏறணும்னு சொன்னீங்க சார். ஒரு வீலு தாராளமா ஏறும்."

நான் சிரித்தேன். சித்ரா சிரிக்கவில்லை. அவள் அந்த மஞ்சள் பட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள், பட்டுப்புடவை, மல்லிகை, கையில் குங்குமத் தட்டு. கண் கலங்கிவிட்டது. "இந்தத் தடவையுமா அக்கா?" என்றாள். அதற்குள் மாப்பிள்ளை வீட்டு வேனிலிருந்து சாமான் இறக்கிய இரண்டு பேர் வந்துவிட்டார்கள். "ஒரு நிமிஷம் வேலை மேடம், தூக்கிடலாம்."

நான் பிரேக்கைப் போட்டேன்.

6

சமையலறைக் கதவருகே நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார் மாஸ்டர். கரண்டியைத் தோளில் சாய்த்தபடி உள்ளே வந்தார்.

"யாரும் தூக்க வேணாம். அன்னிக்கே பாத்தேன் நானு. அண்டா ஏறும்னா இந்த அம்மாவும் ஏறும். ஹாலோ பிளாக்கு நம்மகிட்ட கீது, பிளைவுட்டு டெக்கரேசன் ஆளுங்ககிட்ட கீது. மணி நாலு. ஆறுக்குள்ள போட்டுரலாம்."

அடுப்பு அடுக்கக் கொண்டுவந்த ஹாலோ பிளாக்குகள் வந்தன. பிளைவுட் வந்தது. முதலில் பன்னிரண்டு அடி நீளத்துக்குப் போட்டார்கள். பார்க்கக் குழந்தைகள் பூங்காவில் இருக்கும் சறுக்குமரம் மாதிரி இருந்தது.

"ஏறிப் பாக்கட்டுமா?" என்றேன்.

"நீ இரு. மொதல்ல ரசம் ஏறட்டும்."

புரியவில்லையா? எங்களுக்கும் புரியவில்லை. தள்ளுவண்டியில் ஒரு குண்டானை வைத்து, விளிம்புக்கு இரண்டு விரல் விட்டு மிளகு ரசம் ஊற்றினார். "சாம்பார் வச்சுப் பாக்கக் கூடாது. அது கெட்டி, ஏமாத்தும். ரசந்தான் உண்மைய சொல்லும். முப்பது வருசமா எந்த மண்டபம் போனாலும் மொதல்ல ரசத்த ஏத்திதான் ரேம்ப் பாப்பேன்."

ரசம் பாதி தூரத்தில் கொட்டியது, சிவப்புக் கம்பளத்தின் மேல். மேனேஜர் தலையில் கைவைத்துக்கொண்டார். நிலாவோ கைபேசியைப் பலகையின் மேல் வைத்து, "பன்னிரண்டு டிகிரி. ஐந்துக்குக் குறைவாக இருக்க வேண்டும்" என்று அறிவித்தாள்.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். "இன்னா மேடம், பாப்பா நியூஸ் வாசிக்குது?"

இருபது அடிக்கு நீட்டினார்கள். ரசம் விளிம்பு வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. "ஏழு" என்றாள் நிலா. "பத்தாது" என்றார் மாஸ்டர், போனைப் பார்க்காமலேயே. இன்னும் பத்து அடி வேண்டும். அங்கேதான் பிரச்சினை. சுவரோரமாக முப்பது அடி போட்டால் ஐம்பது நாற்காலியை எடுக்க வேண்டும்.

"அதெல்லாம் ஆவாது" என்றார் மேனேஜர். "மாப்பிள்ளை வூட்டு ஆளுங்க வந்து எங்க உக்காருவாங்க? நான் பதில் சொல்லணும்."

என் தங்கை சித்ரா வாழ்க்கையில் யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. காய்கறிக்காரரிடம் அழுகின தக்காளியைத் திருப்பிக் கொடுக்கக்கூடக் கூச்சப்படுவாள். அவள் குங்குமத் தட்டை மேடைமேல் வைத்தாள். முதல் நாற்காலியை அவளே மடித்தாள். இரண்டாவதை மடித்தாள்.

"உக்கார எடம் இல்லன்னா நிக்கட்டும் சார்" என்றாள். "எங்கக்கா அன்னிக்குப் பூரா கிச்சன்ல உக்காந்திருந்தா. எங்க ஆளுங்க ஒரு மணி நேரம் நின்னா ஒண்ணும் கொறஞ்சு போயிட மாட்டாங்க."

எல்லாரும் நாற்காலி மடித்தார்கள், மேனேஜர் உட்பட. முப்பது அடி ஆனது. ரசம் கண்ணாடி மாதிரி அசையாமல் ஏறி மேடையில் போய் நின்றது. நிலா போனைப் பார்த்து, "நாலு புள்ளி எட்டு" என்று கத்தினாள். மாஸ்டர் ஒரு விரலால் ரசத்தைத் தொட்டு நக்கிவிட்டு, "உப்பு கொஞ்சம் கம்மி" என்றார்.

ஓரத்தில் சக்கரம் இறங்கிவிடாமல் இருக்கத் தடுப்பு வேண்டும் என்றாள் நிலா. யாரோ வாசலுக்கு ஓடி, தோரணத்தோடு கட்டியிருந்த வாழை மரம் இரண்டையும் அவிழ்த்து வந்தார்கள். மூன்றாவதைப் பந்தல்காரரிடம் கெஞ்சி வாங்கினார்கள். ரேம்ப்பின் வெளிப்பக்கம் நெடுக வாழைத்தண்டு படுத்தது, குலையோடும் இலையோடும். மேலே கம்பளம். கம்பளத்தில் மிளகு வாசனை.

ஒன்றைச் சொல்ல வேண்டும். உட்ரெக்டில் என் வீட்டு வாசல் நிலைப்படி நாலு சென்டிமீட்டர். அதைச் சரிசெய்யப் பதினான்கு பக்க விண்ணப்பம் போட்டேன். ஒரு அம்மா வந்து அளந்தார். இன்னொருவர் வந்து அவர் அளந்தது சரியா என்று அளந்தார். அக்கம்பக்கத்தார் ஆட்சேபிக்க ஆறு வாரம் அவகாசம். ஏழு மாதம் கழித்து ஒரு சின்ன ரப்பர் சாய்தளம் வந்தது. இங்கே இரண்டு மணி நேரம். ஆனால் அந்த ரப்பர் துண்டு இன்றும் என் வாசலில் இருக்கிறது. மாஸ்டரின் ரேம்ப்பை மறுநாள் கல்யாணம் முடிந்து மதியமே பிரித்துவிட்டார்கள். வாழைத்தண்டு மாட்டுக்குப் போனது. அது எனக்குத் தெரியும். அதை நினைத்தால் கொஞ்சம் வலிக்கவும் செய்கிறது. அடுத்த முகூர்த்தத்தில் அந்த மண்டபத்துக்கு வேறு யாராவது என்னைப் போல வந்திருப்பார்கள். அவர்களுக்கு அந்த ஒரு அடி மஞ்சள் பட்டைதான்.

ஆனால் அந்தச் சாயங்காலத்தை இன்னும் சொல்லி முடிக்கவில்லை.

7

ஆறரைக்கு லைட் மியூசிக் ஆரம்பித்தது. ஏழுக்கு வரிசை ஆரம்பித்தது. நான் மயில்கழுத்துப் பட்டு கட்டி, சித்ரா வைத்துவிட்ட பூவோடு, என் ரேம்ப்பை நோக்கி உருட்டிக்கொண்டு போனேன். பார்த்தால் ரேம்ப்பில் இடமில்லை. 

மொத்த ஊரும் அதில் நின்றது. முழங்கால் வலிக்காரர்கள், ஹைஹீல்ஸ் போட்ட பெண்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு பரிசுப்பெட்டியும் பிடித்திருந்த ஒருவர், புடவை தடுக்குமே என்று பயந்த மாமிகள், வாக்கிங் ஸ்டிக் தாத்தாக்கள். படிப்பக்கம் ஈ காக்கை இல்லை. மஞ்சள் பட்டையில் மட்டும் இரண்டு வாண்டுகள் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். இருபத்தாறு வருஷம் காத்திருந்து எனக்காகப் போட்ட ரேம்ப்பில் எனக்கு முன்னால் நாற்பது பேர்.

வழக்கமாக இந்த இடத்தில் யாராவது, "பாவம், அவங்கள முன்னாடி விடுங்க" என்பார்கள். ஒன்று முன்னால் தள்ளுவார்கள், இல்லை ஓரமாக நிறுத்துவார்கள். எனக்கு வரிசை என்ற ஒன்றே வாய்த்ததில்லை. அன்று யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் பசி. மிளகு வாசனை வேறு. கடைசி ஆளுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தேன். எனக்குப் பின்னால் மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர், சஃபாரி சட்டை, வந்து நின்றார். ஒரு அடி நகர்ந்தோம். நின்றோம். இரண்டு அடி நகர்ந்தோம்.

"மேடம், முன்னாடி கேப்பு விழுது பாருங்க. நகருங்க" என்றார் சஃபாரி.

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

நாற்பது நிமிஷம். கை வலித்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் எங்கேயும் காத்திருந்ததில்லை. பாதியில் அப்பாவின் ஞாபகம் வந்தது. பலகை இணைப்புகளை எண்ணிக்கொண்டே உருட்டினேன், அவர் மாதிரியே. பலகை குறைவு, அவருடைய பதினேழு வரவில்லை. சும்மாவாவது இரண்டு தடவை சொல்லிக்கொண்டேன்.

மேடை. விளக்கு. காவ்யா என்னைப் பார்த்ததும் மாலையோடு குனிந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளையின் மாலை என் முகத்தில் உரசித் தும்மல் வந்தது. பக்கத்தில் சித்ரா நின்று என் தோளில் கைவைத்தாள். கீழே, சமையலறைக் கதவில், மாஸ்டர் கரண்டியோடு நின்றார். நிலா அவர் பக்கத்தில், தோளில் அவருடைய துண்டைப் போட்டுக்கொண்டு, கையால் அல்வா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அன்று புதன்கிழமை.

பளிச்.

"மேடம், கண்ணு மூடிட்டீங்க" என்றார் போட்டோகிராபர். "பரவால்ல, கம்ப்யூட்டர்ல தொறந்துடலாம். அடுத்தவங்க வாங்க."

"கம்ப்யூட்டர்லலாம் வேணாம்" என்றேன். "நான் திரும்ப வர்றேன்."

நெதர்லாந்து ஒரு தட்டையான நாடு. பத்தொன்பது வருஷமாக இவ்வளவு நீளமான சரிவில் நான் இறங்கியதில்லை. முப்பது அடிக் கம்பளம், நாலு புள்ளி எட்டு டிகிரி. வரிசையில் நின்றவர்கள் சுவரோடு ஒட்டி வழிவிட, கையைச் சக்கரத்திலிருந்து எடுத்துவிட்டேன். பட்டு முந்தானை பின்னால் பறந்தது. வாழை இலை முழங்கையைத் தட்டியது. நான் கத்தினேன் என்று பின்னால் சொன்னார்கள், இருக்கலாம். நிலா அல்வாக் கையோடு குறுக்கே ஓடிவந்து என்னைப் பிடித்து நிறுத்தினாள். "அம்மா, எல்லாரும் பார்க்கிறார்கள்" என்றாள், ஆனால் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. சிரித்துக்கொண்டிருந்தாள்.

நாற்காலியைத் திருப்பினேன். வரிசை இன்னும் வாசல் வரை இருந்தது. சஃபாரிக்காரர் அதற்குள் போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டார்.

"மேடம், நீங்க இப்பத்தானே போயிட்டு வந்தீங்க?"

"ஆமா சார். நல்லா இருந்துச்சு. அதான் இன்னொரு தடவை."

அவர் என்னையும் நாற்காலியையும் ஏற இறங்கப் பார்த்தார். 

"போங்க, யாரு வேணாம்னா? ஆனா லைன்ல போங்க. நடுவுல பூந்துடாதீங்க" என்றார்.

சரி சார் என்று சொல்லிவிட்டு, வாசல் வரை உருட்டிக்கொண்டு போய், கடைசி ஆளுக்குப் பின்னால் சேர்ந்துகொண்டேன்.